வீட்டு மை

கிர்க்வால் பதிவு அலுவலகத்தில்
மை எது என்று யாரும் என்னைக் கேட்பதில்லை.
அரசு தருகிற புட்டி.
எழுதும்போது வெளிறிய நீலம்,
மதியச் சாப்பாட்டுக்குள் கருநீலம்,
அடுத்த வாரம் கறுப்பு.
காகிதத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்,
வெந்நீருக்கும் மசியாது, சோப்புக்கும் மசியாது.
பிறந்தவர், மணந்தவர், போனவர்
எல்லோரும் அந்த ஒரே புட்டியிலிருந்துதான்.

நாற்பத்தாறு வயதில், போன மாதம்,
வீட்டுக்கென்று ஒரு பேனா வாங்கினேன்.
கடைப் பட்டியல், மீட்டர் கணக்கு,
ஸ்வெய்னுக்கு விட்டுப்போகும் துண்டுச்சீட்டு:
எந்தக் கோப்பிலும் சேராத எழுத்துக்கு.
கடைக்கார எர்லெண்ட்
கண்மருந்துக் குப்பிகளில் ஆறு நிறம் ஊற்றித் தந்தார்.
"அவசரமில்லை, தோரா. வாழ்ந்து பார்த்துச் சொல்."

மின்கட்டண உறையின் முதுகில் வாழ்ந்து பார்த்தேன்.

பச்சை.
பக்கத்து மேசை மோராக் சிரித்தாள்.
கவுன்சிலுக்குப் பச்சையில் வருகிற கடிதமெல்லாம்
நிலாவிலிருந்து யாரோ
தன் குப்பைத்தொட்டியைக் கண்காணிப்பதாகத்தான் இருக்குமாம்.

சிவப்பில் 'முட்டை ஆறு' என்று எழுதினேன்.
ஆறு தப்பு என்று தோன்றியது.

ஊதா நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் அதில் எழுதிய 'அன்புள்ள'
நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் அன்பாகிவிட்டது.

தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு.
காலையில் எழுதியது மாலையில்
கொள்ளுப்பேரன் கண்டெடுத்தது போலக் கிடந்தது.
எனக்குப் பிள்ளையே இல்லை.

கறுப்பைத் திறந்தேன், மூடினேன்.

வியாழக்கிழமை ஒருவர் வந்திருந்தார்.
வயலில் இருந்து நேராக, கைகளை மட்டும் கழுவிக்கொண்டு.
ஒரே தேதிக்கு இரண்டு பதிவு,
இரண்டு புத்தகம், ஒரே பெயர்.
எழுத்துக்கூட்டி இரண்டு முறை சொன்னார்,
இரண்டாவது முறை இன்னும் மெதுவாக,
எனக்குக் காது சரியில்லை என்பது போல.
இரண்டாவது புத்தகத்தில் நான் எழுதி முடித்தபோது
முதல் புத்தகத்தில் பெயர் இன்னும் நீலமாகவே இருந்தது.
அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒற்றுத்தாளை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஆறாவது குப்பியைத் தரும்போதே
எர்லெண்ட் மன்னிப்புக் கேட்டிருந்தார்:
"பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நீலம். ஈரம் பட்டால் ஓடிவிடும்."

ஸ்வெய்ன் ஸ்டிராம்னஸ் படகில் இரவு முறை.
அதற்கு முன் எங்களுக்குள் ஒரு சண்டை,
அவன் அக்கா பற்றி, வழக்கமானதுதான்.
படுக்கும் முன் அந்த நீலத்தில் எழுதினேன்:
சூப் அடுப்பில்.
கோழிக்குத் தீனி போடு.
கோபம் தீரவில்லை.
வெளிக்கதவருகே இருக்கும் அவனது சேற்று பூட்ஸில் செருகினேன்.

எங்கள் தீவில் மழை மேலிருந்து வராது,
பக்கவாட்டில் நுழையும்.

காலை ஏழு மணி, இருட்டுதான்.
சமையலறையில் அவன் டார்ச் அடித்து
ஒரு நீல மேகத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.
அதில் மிஞ்சியது ஒரே ஒரு 'கோ'.
"கோழிதானே?" என்றான்.
"கோழிதான்" என்றேன்.
தீனி வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.
சூப்பை நானே சூடாக்கினேன்.

சனிக்கிழமை முழுப் புட்டி வாங்கினேன்.
எர்லெண்ட் இரண்டு முறை கேட்டார், இதுதானா என்று.
கல்மேல் எழுத்துக்கு எனக்குச் சம்பளம் வருகிறது.
நீர்மேல் எழுத்துக்கு நான்கு பவுண்ட் எண்பது
நான் கொடுத்தேன்.

இப்போது என் நடுவிரலில் இரண்டு கறை.
ஒன்று, பாத்திரம் கழுவினால் போய்விடும்.